அக்காவின் கோணல்

புதுக்கோட்டையிலிருந்து வெளியே போகும் சாலை ஒன்றில், ரவுண்டானாவின் நடுவே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். பதினான்கு அடி உயரம், கான்கிரீட். பஸ்ஸில் போகிறவர்கள் தலையைக் குனிந்து ஜன்னல் வழியாக அவளைப் பார்க்கிறார்கள். கல்யாணத்துக்குப் போகும் கூட்டம் வேனை நிறுத்தி, அவள் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. அழகாக இருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறாள். அவளைச் செய்தவள் நான். என் அக்காவைச் செய்வதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். செய்து முடித்தபோது அக்கா அதில் இல்லை.

நானும் என் வீட்டுக்காரரும் திருச்சி சாலையில் ஒரு பட்டறை வைத்திருக்கிறோம். அவருக்குக் கான்கிரீட், எனக்குக் கம்ப்யூட்டர். பெரிய சிலை என்றால் முதலில் அதன் உருவத்தை நான் கம்ப்யூட்டரில் உருவாக்குவேன். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மிஷினுக்கு அனுப்பினால், கட்டில் அகலத் தெர்மாகோல் கட்டிகளைக் கடைந்து ஒவ்வொரு துண்டாக அது எடுத்துக் கொடுக்கும். அந்தத் துண்டுகளின் மேல் ஃபைபரில் அச்சு எடுப்போம். அச்சுக்குள் கண்ணாடி இழை கலந்த கான்கிரீட்டை அடித்து, இறுகியதும் பிரித்து, உள்ளே இரும்புச் சட்டம் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிடுவோம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். தெர்மாகோல் தூள் தலைமுடியில் ஒட்டி, சேலையில் ஒட்டி, கடைசியில் சோற்றுக்குள்ளும் வந்து சேரும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இந்த வேலையில் ஆளைப் பைத்தியமாக்குவது இடமும் வலமும்தான். திரையில் சிலை என்னைப் பார்த்து நிற்கும். அதன் இடது கை எனக்கு வலப்பக்கம். அச்சை உள்பக்கமாகப் பார்த்தால் அதுவும் மாறிவிடும். ஒருமுறை ஒரு நுழைவு வளைவுக்கு யானை செய்தபோது நான் ‘லெஃப்ட்’ என்று எழுதியதை அச்சு எடுப்பவர் தன்னுடைய லெஃப்ட் என்று எடுத்துக்கொண்டார். யானைக்கு இரண்டு காதும் ஒரே பக்கத்துக் காதாக வந்துவிட்டது. நாங்கள் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. அன்றோடு என் வீட்டுக்காரர் பட்டறையில் இடம், வலம் என்ற பேச்சையே ஒழித்துவிட்டார். சிலை எங்கே நிற்கப் போகிறதோ அந்த இடத்தை வைத்துப் பக்கங்களுக்குப் பெயர் வைத்துவிடுவோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பெட்ரோல் பங்குப் பக்கம், இப்படி. ஒவ்வொரு துண்டின் முதுகிலும் மார்க்கரில் அப்படியே எழுதிவைப்போம். தப்பு வருவது நின்றுபோனது. இடம் எது வலம் எது என்று யோசிக்கிற பழக்கமும் என்னை விட்டுப் போனது.

சைக்கிள் பெண்ணைக் கேட்டு வந்தவர், திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பூர்வீகமாகக் கொண்ட வியாபாரக் குடும்பத்துக்காரர். இப்போது எல்லோரும் சென்னையில் இருக்கிறார்கள். காலமான அம்மாவின் நினைவாக ஊருக்கு ஒரு சிலை வைக்க அனுமதி வாங்கியிருந்தார்.

“சாமி வேணாங்க, தலைவர்களும் வேணாம். எங்க அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டணும்னு அம்புட்டு ஆசை. கடைசி வரைக்கும் ஓட்டவே இல்லை. நம்ம ஜில்லாவுல ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல பொம்பளைக சைக்கிள் பழகுனாங்கள்ல, அதுல ஒரு பொம்பளைய வச்சிருங்க” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நார்த்தாமலைப் பக்கம் குவாரியில் ஜல்லி சுமந்துகொண்டிருந்த வயதில், வாடகை சைக்கிளை எடுத்துக் கண்மாய்க் கரையில் பழகியவள். ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள். முட்டியெல்லாம் சிராய்ப்போடு வந்து, அம்மாவிடம் குவாரியில் விழுந்ததாகச் சொல்வாள். ஜல்லிக்கூடை சுமந்து சுமந்து அவளுக்கு ஒரு தோள் இறங்கிவிட்டது. நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்தது. முகவாதம் என்றார்கள். மருந்தில் முக்கால்வாசி சரியானது. மிச்சம் அப்படியே நின்றுவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்து, ஒரு கண் பாதி மூடி. அதிலிருந்து யார் செல்போனைத் தூக்கினாலும் அக்கா முந்தானையைத் தூக்கி வாயை மூடிக்கொள்வாள்.

அதனால் மாட்டேன் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன்.

“அக்கா, ஒன்னைய வச்சு ஒரு சிலை செய்யவா?”

“எதுக்கு, திருஷ்டி பொம்மைக்கா?” என்றாள். கையில் இருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “எம்புட்டு ஒசரம்?” என்று கேட்டாள்.

“பதினாலு அடி.”

“அம்புட்டு ஒசரத்துல நின்னா எவ வந்து என் வாயப் பாத்து உச்சுக்கொட்டப் போறா? செய்யி. ஆனா ஒண்ணுடி. என் மூஞ்சிய என் மூஞ்சியாவே வையி. எங்கூட சைக்கிள் பழகுனவளுக பஸ்ஸுல போறப்பப் பாத்துட்டு, ‘அடியே, இது அவ இல்ல?’ன்னு சொல்லணும். அழகாக்கிப்புடாத.”

சரிக்கா என்றேன். சத்தியமா என்றாள். சத்தியம் என்றேன்.

சேலையின் மடிப்புக்குள் உடம்பின் வடிவம் மறைந்துவிடும், சேலையைப் பிறகு நான் கம்ப்யூட்டரில் கட்டிவிடுகிறேன் என்று சொன்னதால், மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். “இந்த வயசுல என்னைய காலேஜுக்கு அனுப்புறா பாரு” என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அக்கா வீட்டுக்காரரின் பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அசையாதே அக்கா என்றால், அசையாமல் இருப்பதற்காக மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் அவள் உருவம் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தது. நான் அதைச் சுழற்றிக் காட்டினேன். தன் பிடரியையும் பக்கவாட்டையும் அக்கா அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். இறங்கிய தோள், இழுத்த வாய், பாதிக் கண், எல்லாம் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது. விரலால் திரையில் அந்த வாயைத் தொட்டாள்.

“இப்புடியாடி இருக்கு?” என்றாள். பிறகு, “இருந்துட்டுப் போகுது. நான்தானே” என்றாள்.

பத்து நாள் கழித்துச் சிலை கேட்டவர் வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. தோளும் எறங்கியிருக்கு. பாக்குற சனம் ஒங்க மிஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனைச்சுரும். எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க பாத்துச் செய்யுங்க.”

அவர் அக்காவைப் பற்றிச் சொன்னது என்னைத் தொடவில்லை. மிஷினைப் பற்றிச் சொன்னதுதான் சுட்டது. மிஷினில் செய்தால் அது ஒரு சிலையா என்று அப்போதே ஊரில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ரவுண்டானாவில் நிற்கப் போகிற எங்கள் முதல் பெரிய வேலை. அதைப் பார்த்து ஒருவன் மிஷின் தப்புப் பண்ணிவிட்டது என்று சொல்வதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அக்காவின் தோளை நான் மிஷின் கோளாறாகப் பார்க்க ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை உண்டு. நாம் காட்டும் பகுதியை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வைத்துக்கொண்டு, மறுபாதியை அழித்துவிட்டு, அங்கே முதல் பாதியின் கண்ணாடிப் பிம்பத்தைப் போட்டுவிடும். முகத்துக்குத் தனியாக, தோளுக்குத் தனியாக, எந்தப் பாதி நல்லதோ அதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. தோள் நேரானது, வாய் நேரானது, இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறந்தன. அக்கா தன் வாழ்நாளில் அப்படி அழகாக இருந்ததே இல்லை, முகவாதம் வருவதற்கு முன்னும்கூட. அதே பெயரில் சேமித்தேன். சேலைக் கொசுவங்களை மிஷினுக்குப் புரியும்படி பிரித்தபோது கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. முதலில் எடுத்த ஸ்கேனை, இனி எதற்கு என்று நானே அழித்தேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. அடிவயிற்றில் வலி என்று அவள் சொல்ல ஆரம்பித்திருந்த நேரம் அது. ஆஸ்பத்திரி என்று திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் அலைந்தார்கள். பார்க்கப் போகும்போதெல்லாம் சொல்லிவிட நினைத்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

வேலை நான்கு மாதம் நடந்தது. சைக்கிள் கம்பிகளைக் கான்கிரீட்டில் கொண்டுவர முடியாது என்பதால் சக்கரத்தை முழுத் தட்டாக வார்த்து, கம்பிகளை அதன்மேல் புடைப்பாக வைத்தோம். வந்து பார்த்தவர்கள் ரோடு ரோலரா என்று கேட்டார்கள். நான் அந்த நான்கு மாதமும் அந்த நேரான முகத்தோடுதான் இருந்தேன். திரையில், தெர்மாகோலில், அச்சின் உள்பக்கத்தில், கடைசியாகக் கான்கிரீட்டில்.

தலைத் துண்டை வார்த்து முடித்த வாரம் அக்கா ஆட்டோவில் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலை தரையில் நின்றது, அவள் இடுப்பு உயரம் இருக்கும். கான்கிரீட் வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சாக்கை எடுத்தார். அக்கா பார்த்தாள். இந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள், அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கா” என்றாள். “யாரு இது?”

கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். “ஏக்கா, நீதான்.”

“அப்புடியா” என்றாள். “சரி.”

திட்டவில்லை. சத்தியத்தை ஞாபகப்படுத்தவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு எதையாவது சொல்லி, சண்டை போட்டு, அழுது, எப்படியாவது சரிக்கட்டியிருப்பேன். அவள் குனிந்து சாக்கை எடுத்துத் திரும்பவும் அந்தத் தலைமேல் போட்டாள். ஆட்டோவில் ஏறும்போது, “வெயில்ல நிக்கப் போறா. நல்லாத் தண்ணி ஊத்துங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்டோ போனதும் என் வீட்டுக்காரர், “தலை மட்டுந்தானே? திருப்பிச் செஞ்சுருவோமா?” என்று கேட்டார். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. பழைய ஃபைல்தான் இல்லை. அதைச் சொல்ல மனமில்லை. அதைவிட, அவள் எங்கே போய்விடப் போகிறாள், உடம்பு தேறியதும் இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்து வீட்டுக்குச் சின்னதாக ஒன்று அவள் கேட்டபடியே செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆளே இருக்கும்போது ஃபைல் எதற்கு?

கிரேன் வைத்துச் சிலையை ஏற்றினோம். திறப்பு விழாவுக்கு அக்காவால் வர முடியவில்லை. அடுத்த மாதமே இறந்துபோனாள்.

துக்கத்துக்கு வந்தவர்களில், அவளோடு குவாரியில் வேலை பார்த்து அவளோடு சைக்கிள் பழகிய ஒரு பெண்ணும் இருந்தார். அழுது ஓய்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அந்த ரவுண்டானா செலைய நீதான் செஞ்சியாமே ஆத்தா? தெனமும் பஸ்ஸுல பாத்துக்கிட்டுத்தான் போறேன். இவளும் அப்புடித்தான் சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நிப்பா. யாரையோ வச்சுச் செஞ்சதுக்கு, ஒங்கக்காள வச்சே செஞ்சிருக்கலாம்ல?”

கையை விடுவித்துக்கொண்டு எழுந்தேன். அக்காவைத் தூக்கிக்கொண்டு போகும்போது அழாத அழுகையை, அதற்கப்புறம் கொல்லைப்புறத்தில் போய் அழுதேன்.

காரியம் முடிந்த பிறகு பட்டறையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ரவுண்டானாவில் நிற்பதை இனி ஒன்றும் செய்ய முடியாது. ஒரு அடி உயரத்தில் வீட்டுக்காவது அவள் கேட்டபடி ஒன்று செய்துவிட வேண்டும். நேராக்கியதைத் திரும்பக் கோணலாக்க வேண்டும், அவ்வளவுதான். தோளைக் கொஞ்சம் இறக்கி, வாயைக் கொஞ்சம் இழுத்து, கண்ணைப் பாதி மூடினால் அக்கா வந்துவிடுவாள் என்று நம்பினேன். மவுஸைத் தோளில் கொண்டுபோய் வைத்தேன்.

எந்தத் தோள்?

கண்ணை மூடி அக்காவை நினைத்துப் பார்த்தேன். கீரை உருவும் அக்கா வந்தாள், சுடிதாரில் சிரிக்கிற அக்கா வந்தாள். எல்லா அக்காவுக்கும் சிலையின் முகம் இருந்தது. நான்கு மாதம் பார்த்துப் பார்த்து, ஐம்பது வருஷமாக எனக்குத் தெரிந்த முகத்தை நானே துடைத்துவிட்டிருக்கிறேன். சிலையைப் பார்த்தும் பயனில்லை. இரண்டு பக்கமும் ஒன்றேதான், எதிலிருந்து எதை எடுத்தேன் என்று அதுவும் சொல்லாது. போட்டோக்களைத் தேடினேன். முகவாதத்துக்குப் பிறகு எடுத்தவை மூன்றுதான் கிடைத்தன. மூன்றிலும் முந்தானை வாய்மேல் இருந்தது, இரண்டில் அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். துக்கத்துக்கு அடித்த ஃபிளெக்ஸிலும் கல்யாணக் காலத்துப் படத்தைத்தான் போட்டிருந்தார்கள்.

அக்கா வீட்டுக்குப் போனேன். “அத்தான், அக்காவுக்கு வாய் எந்தப் பக்கம் இழுத்திருந்துச்சு?” என்று கேட்டேன். அத்தான் யோசிக்கவே இல்லை. “லெஃப்ட்டு” என்றார். சொல்லும்போது தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மகள், “இல்லப்பா, ரைட்டு” என்றாள். அவளும் தன் வலது கன்னத்தைத்தான் தொட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோள் என்றதும் மகள் தெரியாது என்று தலையை ஆட்டினாள். அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். எதற்கடா கேட்டோம் என்று ஆகிவிட்டது.

கிளம்பும்போது மகள், “சின்னம்மா, டவுன்ல அம்மா தைக்கக் குடுத்த ஜாக்கெட்டு வாங்காம கெடக்கு. டெய்லர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. என்னால போக முடியல. நீங்க வாங்கிட்டு வந்துருங்க” என்றாள்.

டெய்லர் கடை, கீழராஜ வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது. அக்காவின் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் பையை எடுத்தார். மூன்று ஜாக்கெட், கூடவே அளவுக்காகக் கொடுத்திருந்த பழைய நீல ஜாக்கெட். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நிமிஷம் பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

“ஒடம்பு எளைச்சுட்டாங்கன்னு சொன்னாங்க, அதனால சுத்தளவு கொஞ்சம் புடிச்சுத் தச்சேன்” என்றார். “தோளு மட்டும் எப்பவும் போலத்தான். ரைட்டுத் தோளு அரை இஞ்சு எறக்கி.”

பையை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். “ரைட்டுன்னா யாருக்கு ரைட்டுங்க?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “போட்டுக்கிறவங்களுக்குத்தாங்க. வேற யாருக்கு?”

நீல ஜாக்கெட்டை மேசைமேல் விரித்து, டேப்பை வைத்து எனக்குக் காட்டினார். அரை இஞ்சு. அவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பார். இருபது வருஷமாக என் அக்காவின் தோளை அது இருந்தபடியே வைத்துத் தைத்தவர். ஒருமுறையாவது அதை நேராக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நம்பிக்கையில் கேட்டேன். “அவங்க மொகம் ஒரு பக்கமா இழுத்திருக்கும், பாத்திருப்பீங்க. அது எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்குங்களா?”

அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எப்படியாவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று முயற்சி செய்தார். கடைசியில் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“மொகத்துக்கு நான் அளவெடுக்கலையேங்க” என்றார்.

முகத்துக்கு அளவெடுத்தவள் நான்தான்.